அரஃபா நாளில் எழுதிய சொல்

எகிப்தில் நைல் கரையில் இருக்கும் எங்கள் ஊர் இஸ்னா. இங்கே ஓவியர்கள் என்றால், கலாசார மாளிகையின் வருடாந்தரக் கண்காட்சியில் படம் மாட்டுகிறவர்கள். நைல் நதியையே திரும்பத் திரும்ப நீர்வண்ணத்தில் வரையும் இரண்டு பள்ளி ஆசிரியர்கள், கடைப் பலகை எழுதுகிறவர்கள், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் சில பெண்கள். அந்த மாளிகையில் நான் ஓய்வு பெறும்வரை எழுத்தராக இருந்தேன். ஷாஸ்லியின் பெயர் ஒரு தடவைகூட அந்த வரிசையில் ஏறியதில்லை. அவன் வரைந்ததெல்லாம் வீட்டுச் சுவர்களில். சுவரைப் பெயர்த்து வந்து மாட்ட முடியாது. ஆனால் சந்தையில் போய் ஓவியன் வீடு எது என்று கேட்டால் அவன் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் அவர் வீட்டு முகப்பில் அந்தப் பயணம் முழுவதும் வரையப்பட்டிருக்க வேண்டும். கஅபா, ஒட்டகம், விமானம், வெள்ளைத் துணி உடுத்தி நிற்கும் பயணி. கதவுக்கு மேலே பயணியின் பெயர், பெயருக்கு முன்னால் ஹாஜி என்ற பட்டம், பெண்ணானால் ஹாஜ்ஜா. அந்தப் பட்டத்தை மட்டும் ஷாஸ்லி முன்கூட்டி எழுத மாட்டான். துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள் மக்காவுக்கு வெளியே அரஃபா மைதானத்தில் நிற்காதவருக்கு ஹஜ் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தாலும் கிடையாது. இது கிறிஸ்தவனான எனக்கே தெரியும். ஆகவே பெயருக்கு முன்னால் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைப்பான். அரஃபா நாளன்று ஏணியோடு வருவான். முன்பெல்லாம் வானொலி. பிறகு தொலைக்காட்சியைச் சன்னலில் தெருப் பக்கம் திருப்பி வைப்பார்கள். மைதானத்தில் சூரியன் இறங்கியது என்று அறிவிப்பாளர் சொன்னதும் அவன் ஏணியில் ஏறிச் சிவப்பு மையால் அந்தச் சொல்லை எழுதுவான். பெண்கள் குலவையிடுவார்கள். ஒரே நாளில் பல வீடுகள் இருந்தால், மற்ற வீடுகளுக்கு அன்று இரவுக்குள் ஓடி முடிப்பான்.

"நான் பொய் எழுதினதில்ல கலீனி. கடைக்காரன் பலகையில சுத்தமான நெய்னு எழுதச் சொன்னாக்கூட, முதல்ல ஒரு விரல் நக்கிப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்பான் என்னிடம். அப்படி நக்கிப் பார்த்து ஒரு வேலையை இழந்தவன்தான்.

அவன் முதல் சுவர் படகுத் தச்சர் ஃபர்கலியுடையது. எண்பத்து மூன்றாம் ஆண்டு. ஃபர்கலி ஸஃபாகா துறைமுகத்திலிருந்து கப்பலில் போனார். ஷாஸ்லிக்குப் பத்தொன்பது வயது. கடலை வரைந்துவிட்டுக் கப்பலுக்கான இடத்தைக் காலியாக விட்டான். அரஃபா நாளில் வானொலி சொன்னதும், ஹாஜி என்ற சொல்லையே கப்பலாக எழுதிவிட்டான். அரபு எழுத்துகளின் மூன்று நெடுங்கோடுகள் கொடிமரமும் புகைபோக்கிகளுமாக நின்றன. கடைசி எழுத்தின் வளைந்த வயிறு கப்பலின் அடிவயிறு ஆனது. அதற்கு முன்னால் யாரும் எங்கள் ஊரில் அப்படி எழுதவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, கர்னாக்கிலிருந்தும் எத்ஃபூவிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஃபர்கலிக்கு மட்டும் நாற்பது வருடமாக ஒரே கேலிதான்: "டேய் ஷாஸ்லி, உன் கப்பலைத் தண்ணியில இறக்கினா முதல் அலையிலயே கவுந்துரும்."

சென்ற ஆண்டு கலாசார மாளிகை ஒரு முடிவெடுத்தது. கண்காட்சியைத் தெருவிலேயே நடத்துவது. ஷாஸ்லியின் சுவர்கள்தான் படங்கள். ஃபர்கலியின் சுவரில் அவன் பெயர் பொறித்த செப்புத் தகடு பதிப்பது. லக்சரிலிருந்து பேராசிரியர்களும் புகைப்படக்காரர்களும் வருவதாக ஏற்பாடு. ஹஜ் பயணிகள் திரும்பியபின் ஒரு சனிக்கிழமை நாள் குறித்தார்கள். ஷாஸ்லி ஒரு புதுச் சட்டை வாங்கினான். அவன் அதை என்னிடம் இரண்டு முறை காட்டினான்.

அந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து போனவள் பஹீயா. கணவனை இழந்தவள், அறுபதைத் தாண்டியவள். அவள் மகன் மஹ்ரூஸ் வீட்டில்தான் அன்று தொலைக்காட்சி சன்னலுக்கு வந்தது. மாலையில், மைதானத்தில் சூரியன் இறங்கியது என்று அறிவித்துக் குலவை எழுந்தபோதே மஹ்ரூஸின் தொலைபேசி ஒலித்தது. தாய்தான். "எல்லாம் நல்லபடியா இருக்கு மகனே, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவன் கையை உயர்த்திக் காட்ட, ஷாஸ்லி ஏணியில் ஏறி ஹாஜ்ஜா என்று எழுதினான். குலவை ஆற்றின் அக்கரை வரை கேட்டிருக்கும்.

அவள் திரும்பிய நாளில் மேளமும் நாயனமும் தெரு முனையிலேயே காரை மறித்துக்கொண்டன. பஹீயா இறங்கினாள். வெள்ளை உடை. முகம் வற்றிப்போயிருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தோம். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மலைமேல் கையேந்தி நிற்கும் தன் உருவத்தையும் அதற்கு மேலே சிவப்பு எழுத்தையும் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லின் வடிவம் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும்.

"இதை எப்ப எழுதினீங்க?" என்றாள்.

"அரஃபா அன்னிக்கு அம்மா! டிவி பாத்துக்கிட்டே எழுதினார் ஷாஸ்லி மாமா" என்றான் மஹ்ரூஸ்.

அந்தச் சொல் எழுதிய வாசல்வழியே அவள் நுழையவில்லை. சுற்றிக்கொண்டு போய், பின்புறம் எருமை கட்டும் கொட்டகை வழியாக வீட்டுக்குள் போனாள். மேளக்காரன் அடித்துக்கொண்டே இருந்தான். யாரோ அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஷாஸ்லி வீட்டில் நானும் அவனும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தம்பி, அந்தச் சொல்லை அழிச்சிரு."

"என்ன எழுத்துப் பிழையா அக்கா? கலர் பிடிக்கலையா?"

"நான் அரஃபாவுல நிக்கல."

ஷாஸ்லி கோப்பையைக் கீழே வைத்தான். வைத்தது தட்டில் அல்ல. தேநீர் பாயில் ஓடியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

அழைத்துப் போன தரகன் எடுத்துக் கொடுத்தது ஹஜ் விசா அல்ல, உறவினரைப் பார்க்கப் போகும் விசா. போலீஸ் சோதனை கடுமையானதும், பெண்களை எல்லாம் மக்காவில் ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு அவன் மறைந்துவிட்டான். அரஃபா நாள் முழுவதும் அவள் அந்த அறையில் இருந்தாள். சன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள்.

"அங்கயும் ஒருத்தி போன்ல டிவி பாத்தா. நீ பாத்த அதே டிவிதான் தம்பி நானும் பாத்தேன்" என்றாள்.

"அப்ப மஹ்ரூஸ்கிட்ட நல்லபடியா இருக்குன்னு..."

"உசிரோட இருக்கேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? போன்ல உங்க குலவைச் சத்தம் கேக்குது. அந்த நேரத்துல எந்த வாயைத் தொறந்து சொல்லுவேன்?"

ஷாஸ்லி கம்பித் தூரிகையையும் வாளியையும் எடுத்தான். அவள் வீட்டு வாசலில் மஹ்ரூஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"மாமா, எங்க மூஞ்சில கரியைப் பூசாதீங்க. தெருவே அவங்களை ஹாஜ்ஜான்னு கூப்பிடுது. அடுத்த வருசம் ஒழுங்கா அனுப்பிட்டாப் போச்சு, சுவர் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அதுவரைக்கும் என்னை எருமை வாசல்ல போகச் சொல்றியாடா?" என்றாள் பஹீயா உள்ளேயிருந்து.

மஹ்ரூஸ் ஏணியை விட்டான். சொல் உதிர்ந்தது. சுண்ணாம்பில் ஒரு சுரண்டிய வெள்ளை இடம் மிஞ்சியது. அன்று மாலைக்குள் டீக்கடையில் ஷாஸ்லிக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. "ரப்பர் வந்தாச்சு, எல்லாரும் அவங்கவங்க சுவரைப் பாத்துக்கோங்கப்பா!" என்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "நான் நாளைத்தான் பாத்தேன், ஆளைப் பாக்கல" என்றான்.

கண்காட்சிக்கு முந்திய வியாழக்கிழமை ஃபர்கலி அவனைக் கூப்பிட்டனுப்பினார். மாளிகை என்னிடம் ஒப்படைத்திருந்த தகட்டை எங்கே பதிப்பது என்று அளக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். கிழவர் தன் சுவருக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். எண்பத்தெட்டு வயது. பார்வை மங்கியிருந்தாலும் கை மட்டும் மரத்தைத் தடவுவதுபோல் நாற்காலிப் பிடியைத் தடவிக்கொண்டே இருக்கும்.

"பஹீயா சொன்னது நெசமா?"

"நெசந்தான் ஹாஜி."

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாளா?"

"ஆமா ஹாஜி."

"அப்படிக் கூப்பிடாதடா" என்றார் ஃபர்கலி. "என் கப்பலையும் அழிச்சிரு."

வழக்கமான கேலி என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். ஷாஸ்லி சிரிக்கவில்லை. கப்பலிலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டதாம். ஜித்தாவில் இறக்கியதும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நினைவு திரும்பியபோது பயணிகள் அரஃபாவிலிருந்து வந்துவிட்டிருந்தார்கள். கூடப் போனவர்கள் வேறு ஊர்க்காரர்கள். நாற்பது வருடம் யாருக்கும் தெரியாது.

"ஏன் மாமா சொல்லல?" என்றான் ஷாஸ்லி.

"சொல்லத்தான் வந்தேன். தெரு முனையில மேளம். இங்க வந்து பாத்தா உன் கப்பல் நிக்குது. ஊரே அதைப் பாத்துக்கிட்டு நிக்குது. உன் சுவர் எனக்கு முன்னாடியே பேசி முடிச்சிருச்சுடா. பத்தொம்பது வயசுப் பய, உன் மூஞ்சியில இருந்த சந்தோஷம்... அதுக்கப்புறம் மறுபடி போக எத்தனையோ தடவை நெனச்சேன். எதுக்குப் போறேன்னு கேப்பாங்களே?"

எனக்குக் கோபம் வந்தது. நான் ஷாஸ்லியைத் தனியே இழுத்துப் போனேன். மற்ற சுவர்களில் ஒரு சொல்லை மட்டும் சுரண்டி எடுக்கலாம். இங்கே சொல்தான் கப்பல். கப்பல் போனால் வெறும் நீலக் கோடுகள்தான் மிஞ்சும். அவன் வாழ்க்கையில் சிறந்ததாகச் செய்தது அது ஒன்றுதான்.

"சனிக்கிழமை முடியட்டும். ஒரு படம் எடுத்துக்கட்டும். ஞாயித்துக்கிழமை அழி, நானே வாளி தூக்குறேன்" என்றேன்.

ஃபர்கலிக்குக் காது நன்றாகவே கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் இருப்பேன்னு எழுதித் தருவீங்களா கலீனி எஃபெந்தி? நடக்காததையும் எழுதுறதுல இந்தப் பய கெட்டிக்காரன்."

ஷாஸ்லியின் முகத்தில் அறைந்தது போலிருந்தது அது. அவன் சுவரருகே போய்க் கப்பலின் வயிற்றைக் கையால் தொட்டான். அன்று எதுவும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் தெருவுக்குள் திரும்பும்போது அவன் ஃபர்கலி வீட்டு ஏணிமேல் இருந்தான். கொடிமரம் ஏற்கெனவே போயிருந்தது. யாரோ கத்தினார்கள். ஒருவன் ஏணியை உலுக்கினான்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? நாளைக்கு விருந்தாளிங்க வராங்கடா!"

"அவனை விடுங்க, நான்தான் சொன்னேன்" என்றார் ஃபர்கலி நாற்காலியிலிருந்து. பிறகு ஊரார் முன்னால், மருத்துவமனையையும் காய்ச்சலையும் சொன்னார். உரக்கவே சொன்னார், மங்கிய கண்களுக்கு யார் நிற்கிறார்கள் என்று தெரியாததால் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஏணியை உலுக்கியவன் அதைப் பிடித்தபடியே நின்றான். நாற்பது வருடமாக அவருக்குப் பின்னால் நின்று தொழுதவர்கள், பெண் கேட்டு அவரிடம் போனவர்கள், சண்டைக்குத் தீர்ப்பு கேட்டவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுண்ணாம்பு உதிரும் சத்தம் மட்டும் கேட்டது. பஹீயா வந்து ஒரு குவளை செம்பருத்திப் பானத்தைக் கிழவர் கையில் வைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை லக்சர்க்காரர்கள் வந்தார்கள். சுரண்டிய வெள்ளைச் சுவரையும் நீலக் கோடுகளையும் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர் என்னிடம், முகவரி சரிதானா என்று கேட்டார். செப்புத் தகடு என் வீட்டில் இருக்கிறது. ஷாஸ்லி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். யாரும் அவனை அறிமுகப்படுத்தவில்லை, நானும்தான்.

ஃபர்கலி குளிர்காலத்தில் இறந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தவர் பெயருக்கு முன்னால் ஒரு கணம் நின்று, பிறகு "படகுத் தச்சர் ஃபர்கலி" என்றார்.

இந்த ஆண்டும் ஷாஸ்லிக்கு வேலை வந்தது. ஆனால் அரஃபா நாளில் அவன் ஏணியோடு வரவில்லை. சொல்லுக்கான இடத்தை வெறுமையாக விட்டு, அதன் கீழே சிவப்பு மைக் குவளையையும் ஒரு தூரிகையையும் வைத்துவிட்டான். திரும்பி வருகிறவர் தானே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் கையை மையில் நனைத்துப் பதிக்கலாம். ஊர் முணுமுணுத்தது. ஆனால் பஹீயா வீட்டுச் சுவர் எல்லார் கண்ணிலும் இருந்ததால் யாரும் வலிந்து எதிர்க்கவில்லை.

முதலில் வந்தவர் கோதுமை வியாபாரி ஸுவைலிம். இது அவருக்கு இரண்டாவது ஹஜ், பழைய சுவரை வெள்ளையடித்துப் புதிதாக வரையச் சொல்லியிருந்தார். உரத்த குரல்காரர், காரிலிருந்தே கையசைத்துக்கொண்டு வந்தார். மேளம் நின்றது. ஷாஸ்லி தூரிகையை நீட்டினான். ஸுவைலிம் வாங்கினார். மையில் தோய்த்தார். ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். அங்கேயே நின்றார், மை சொட்டிச் சொட்டி அவர் வெள்ளை உடையில் விழுந்தது.

பிறகு இறங்கி, தூரிகையை ஷாஸ்லியின் கையில் வைத்துவிட்டு, தெருவிலுள்ள யாரையும் பார்க்காமல் நடந்தார். தன் வீட்டு வாசலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு, பின்கட்டுப் பக்கம் போனார்.