இடது பக்கப் பொக்கற்

இதை நம்பாதவர்களோடு நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை. நேரங்கள்கூட அப்படியே ஞாபகம் இருக்கின்றன. பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கு மணிக்கூட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

1994, தை மாதம். ரொறன்ரோவுக்கு நான் வந்து நாலு மாதம். கணவர் கிளிபோட்டும் ஐந்து வயது மகள் நடாஷாவும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாகப் புறப்பட வழி கிடைக்கவில்லை. ஒருவர் முதலில் போய், அகதி வழக்கு முடிந்ததும் மற்ற இருவரையும் கூப்பிடுவது என்று முடிவெடுத்தோம். கிளிபோட் போனால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று பயம். அதனால் நான் வந்தேன்.

ஸ்காபரோவில் யோகராணி அக்கா வீட்டின் பேஸ்மன்றில் ஓர் அறை. வேலை, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற தொழிற்சாலையில். ஆறரைக்கு வேலை தொடங்கும். இரண்டு பஸ் மாற வேண்டும். 4.50க்கு வீட்டை விட்டு இறங்கி, 5.12க்கு வரும் முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். திரும்பி வரும்போதும் இருட்டிவிடும். வேலையிடத்தில் மெசின் சத்தத்துக்கு மேலாக யாரும் பேச முடியாது. சில நாட்களில் நான் என் குரலைக் கேட்பதே இல்லை.

ஜக்கெற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதம், மாதா கோவில் மண்டபத்தில் வேரோனிக்கா அன்ரி குளிர் உடுப்புகள் பகிர்ந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கொண்டுவந்து தருகிற பழைய உடுப்புகளை அடுக்கி, புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பது அவருடைய வேலை. என்னைக் கண்டதும் ஒரு நீளமான கருநீல ஜக்கெற்றை இழுத்து எடுத்தார்.

"உமக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குது. போடும் பிள்ளை."

நல்ல கனமான ஜக்கெற். முழங்காலுக்குக் கீழே வரும். சந்தோசமாக வாங்கிக்கொண்டேன்.

தை பத்தாம் திகதி, திங்கட்கிழமை, அந்தக் குளிர் வந்தது. வானொலியில் மைனஸ் இருபத்தாறு என்றார்கள். காற்றோடு சேர்த்தால் நாற்பதைத் தாண்டும், மூடாத தோல் பத்து நிமிடத்தில் உறைந்துவிடும் என்றார்கள். நான் இரண்டு காற்சட்டை போட்டேன். மூன்று சோடி காலுறை. அதற்கு மேல் பிளாஸ்ரிக் பை சுற்றிச் சப்பாத்துக்குள் காலை விட்டேன். முகத்துக்கு வஸ்லின். வெளியே வந்து முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் ஊசி ஊசியாகக் குத்தியது. கண் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மப்ளருக்குள் விட்ட மூச்சு அங்கேயே பனிக்கட்டியாகிக் கன்னத்தை உரசியது.

அன்றைக்கு மாலை பஸ்ஸில் இடது கையுறையைத் தொலைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, 5.06. பஸ் தரிப்பிடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. மூன்று பக்கம் கண்ணாடி அடைத்த சின்னக் கூடு, உள்ளே ஒரு பெஞ்ச். வெறும் இடது கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன். பொக்கற் ஒடுக்கமாக இருந்தது. முன்பு அப்படி இருந்ததில்லை. ஏற்கெனவே எதையோ உள்ளே வைத்த மாதிரி... துழாவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

துணி குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

புதன்கிழமை பஸ்ஸில் ஏறும்போது சாரதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். எனக்கு அப்போது ஆங்கிலம் மட்டுமட்டு. 'கோல்ட்' என்பதும் 'பேபி' என்பதும் மட்டும் விளங்கின. சிரித்துச் சமாளித்தேன். அவர் அடுத்த பஸ்ஸுக்கான துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இருக்கையில் அமர்ந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு துண்டுகள்.

வியாழக்கிழமை. 5.08.

பொக்கற்றுக்குள் என் உள்ளங்கையில் ஏதோ வந்து அமர்ந்தது.

சின்னதாக. ஐஸ் மாதிரிக் குளிராக. பிறகு என் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நாலு. கட்டைவிரல் கடைசியாக வந்து என் கையின் மேல் படிந்தது.

ஒரு பிள்ளையின் கை.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் கையை உதறவில்லை, ஏன் கத்தவில்லை என்று. நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். அந்த நாலு மாதத்தில் யாரும் என்னைத் தொட்டதில்லை. தெரியாமல்கூட யாரும் முட்டியதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நடாஷாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு வந்த கை அது. அந்தக் கைக்குள் இன்னொரு கை வந்தபோது... நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. ஏறினேன். கை போய்விட்டது.

குளிரில் நரம்பு அப்படி விளையாடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் புதுக் கையுறை வாங்கவில்லை. மத்தியான இடைவேளையில் பிளாசாக் கடைத்தொகுதிக்குள் கையுறை விற்கிற கடையைத் தாண்டித்தான் நடந்தேன். வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் அது வந்தது. இந்த முறை வீட்டு வாசலிலேயே.

சனிக்கிழமை, உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் யோகராணி அக்கா கேட்டார்.

"செலீன், விடியப்புறம் ஆரோட கதைச்சுக்கொண்டு போறனீர்?"

"நானோ? ஒருத்தரோடையும் இல்லை அக்கா."

"எங்கட அறை ஜன்னலுக்குக் கீழாலதானே போறனீர். ரெண்டு குரல் கேட்டுது. ஒண்டு உம்மடை."

மற்றது யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு இரவு எட்டரை. கொழும்பில் திங்கள் காலை ஏழு மணி. ஒவ்வொரு ஞாயிறும் நான் போன் எடுக்கிற நேரம் அது. லொட்ஜ்காரர் கிளிபோட்டைக் கூப்பிட்டு வந்தார்.

"பிள்ளையைக் குடுங்கோ," என்றேன்.

"கதைக்க மாட்டாளாம்."

"ஏன்? சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறாள். உம்மோட கோவமாம்."

"என்ன கோவம்?"



"மம்மி வேற பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போறா எண்டு அழுகிறாள். மூண்டு நாளா இதையேதான் சொல்லிக்கொண்டு நிக்கிறாள். ஏதும் கனவு கண்டிருப்பாள்."

ரிசீவரை வைத்தேன். அன்று இரவு அந்த ஜக்கெற்றை அறைக்கு வெளியே, படிக்கட்டின் கைப்பிடியில் கொழுவிவிட்டுக் கதவைப் பூட்டினேன். வேறு ஜக்கெற் என்னிடம் இல்லை. அந்தக் குளிரில் ஜக்கெற் இல்லாமல் வெளியே போக முடியாது. போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வக்கீலும் இல்லை, வழக்கும் இல்லை.

திங்களும் செவ்வாயும் இடது கையில் இரண்டு காலுறைகளை மாட்டிக்கொண்டேன். பொக்கற் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. நடக்கும்போது ஜக்கெற்றின் இடது பக்கம் அடிக்கடி கீழே இழுபட்டது. கடையில் பிள்ளைகள் தாயின் சேலையைப் பிடித்து இழுப்பது போல. நான் குனிந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை, தை பத்தொன்பது. மைனஸ் இருபத்தெட்டு.

5.12. பஸ் வரவில்லை.

5.20. வரவில்லை. தெருவில் ஒரு கார் இல்லை. மேலே மின்கம்பி மட்டும் 'ம்ம்ம்...' என்று முனகியது.

5.31. வீட்டுக்குத் திரும்ப நினைத்தேன். இருபது நிமிட நடை. சந்தியில் இருந்த, பெற்றோல் அடிக்கிற காஸ் ஸ்ரேசனுக்குப் போனால் அதற்குள் பஸ் வந்து போய்விடும் என்று பயம். கால் இருப்பதே தெரியவில்லை. இடது கை காலுறைக்குள் மரக்கட்டையாகிவிட்டது. வலி முதலில் கூடியது. பிறகு குறைந்தது. வலி குறைவது நல்லதல்ல என்று வேலையிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு வழியில்லை.

காலுறைகளைக் கழற்றிவிட்டுக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன்.

அது காத்திருந்தது.

ஆனால் இந்த முறை... குளிரவில்லை.

சூடாக இருந்தது. அடுப்படியில் இருந்து எழுந்து வந்த பிள்ளையின் கை மாதிரி. சூடு விரலில் இருந்து முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. நடுக்கம் நின்றுவிட்டது.

மெதுவாக அது என்னைக் கீழே இழுத்தது.

"அம்மா, கொஞ்சம் இருப்பமே..."

நடாஷாவின் குரல். அதே மழலை. அதே இழுவை.

நான் பெஞ்சில் அமர்ந்தேன்.

"கண்ணை மூடுங்கோ அம்மா..."

மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுகமாக இருந்தது. அப்படி ஒரு சுகத்தை நான் கனடாவில் கண்டதில்லை.

அம்மா.

அந்தச் சொல் எங்கேயோ உறுத்தியது.

நடாஷா என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. பிறந்து பேசத் தொடங்கிய நாளில் இருந்து மம்மிதான்.

கண்ணைத் திறந்தேன்.

"நீ ஆர்?" என்று கேட்டேன்.



கையை இழுத்தேன்.

அது விடவில்லை.

மறுபடி இழுத்தேன்... விரல்கள் இறுகின. எலும்பு நொறுங்கும் போல இருந்தது. சின்னக் கை இல்லை இப்போது. பெரிதாகிக்கொண்டே...

வலது கையால் ஜக்கெற்றின் சிப்பை இழுத்துத் திறந்தேன். தோளைக் குலுக்கினேன். ஜக்கெற்றை அப்படியே உரித்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

மைனஸ் இருபத்தெட்டு. மேலே ஒரு சுவெட்டர் மட்டும்.

ஓடினேன்.

பின்னால்...

சிணுங்கல்.

திரும்பவில்லை.

சந்தியில் இருந்த காஸ் ஸ்ரேசனின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தபோது சுவர் மணிக்கூட்டில் 5.47. அங்கே இரவு வேலை செய்கிறவர் தலைப்பாகை கட்டிய வயதான பஞ்சாபிக்காரர். ஓடி வந்து தன் போர்வையால் என்னைச் சுற்றினார். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்தினார். தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பிறகு ஜன்னலால் தரிப்பிடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் இடுப்பு உயரத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டி, கண்ணால் கேட்டார்.

சின்னது எங்கே?

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு பிள்ளையைத் தனியே விட்டு வந்தவளைப் பார்க்கிற பார்வையை எனக்குத் தந்துவிட்டுத்தான் ஓடினார்.

5.55க்குத் திரும்பி வந்தார். கையில் என் ஜக்கெற் மட்டும். அதைத் தன் உடம்பில் படாமல் தூரமாகப் பிடித்திருந்தார். உள்ளே கொண்டுவரவில்லை. வெளியே குப்பைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பொழுது விடியும் வரை தன் இடது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

என் இடது கையின் கடைசி இரண்டு விரல்களில் இன்றும் உணர்ச்சி இல்லை. பனி கடித்தது என்றார் வைத்தியர். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். யோகராணி அக்கா தன்னுடைய பழைய ஜக்கெற் ஒன்றைத் தந்தார். அடுத்த ஞாயிறு போன் எடுத்தபோது நடாஷா ஓடி வந்து கதைத்தாள். இரண்டு வருடத்தில் அவளும் கிளிபோட்டும் வந்து சேர்ந்தார்கள்.

கருநீல ஜக்கெற்றை அந்தப் பஞ்சாபிக்காரர் பக்கத்துப் பிளாசாவில் இருந்த பழைய உடுப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டாராம். அந்தப் பெட்டியை வாரத்தில் இரண்டு தரம் காலியாக்குவார்கள்.

இவ்வளவும் நடந்து முடிந்து, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம். மண்டபத்தில் வேரோனிக்கா அன்ரி குளிர் உடுப்புகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நானும் கூட நின்று மடித்தேன்.

"உமக்குத் தந்த நீல ஜக்கெற் எங்க பிள்ளை?"

"இப்ப என்னட்ட இல்லை அன்ரி."

அவர் நீண்ட மூச்சு விட்டார். "நல்லது. எனக்கு மனதுக்க உறுத்திக்கொண்டு இருந்தது. அது செத்த மனிசியின்ர. சொன்னா நீர் போட்டிருக்க மாட்டீர். உமக்கும் வேற இருக்கேல்லை."

"ஆர் அன்ரி?"

"ஒரு பிலிப்பீன்காரி. ஒரு வீட்டில பிள்ளை பாக்கிற வேலை. தன்ர ரெண்டு பிள்ளையளையும் ஊரில விட்டிட்டு வந்தவ. ரெண்டு வருசத்துக்கு முந்தி, மாசி மாதம், பஸ்ஸுக்கு நிண்ட இடத்தில விறைச்சுப் போனா. வேலை செய்த வீட்டுக்காரிதான் கண்டது. பிறகு உடுப்புகளை இங்க கொண்டுவந்து தந்ததும் அவதான்."

நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அந்த வீட்டுக்காரி ஒண்டு சொன்னவ," என்றார் அன்ரி. "எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. அண்டைக்கு இரவு முழுக்கப் பனி கொட்டினது. கூடில்லாத வெறும் பெஞ்ச். அவவின்ர தலை, தோள், மடி, பெஞ்ச் எல்லாம் ஒரு அடி பனி. ஆனா அவவுக்கு இடப்பக்கம், பெஞ்சில, இவ்வளவு இடம்..."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு சின்னப் பிள்ளை இருக்கிற அகலம்.

"அதில மட்டும் ஒரு பொட்டுப் பனி விழேல்லையாம்."