கத்தரிக்காய் நிறத்தில் ஒரு படம்

கேமராவின் 'ரா' எனப்படும் மூலப் படக் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளை ஒரு மாதம் இலவசமாகச் சோதித்ததில், மனைவியின் முகத்தைக் கத்தரிக்காய் நிறத்துக்குக் கொண்டுவந்ததுதான் என் ஒரே சாதனை. வாங்குவதா வேண்டாமா என்று இன்று முடிவுசெய்தாக வேண்டும். ஆனால் அந்த நிறத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்: தொண்ணூறுகளில், காஞ்சிபுரத்தில், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்த அக்காவின் படத்தில்.

அவள் கட்டியிருந்த பட்டுப் புடவையை நெய்த அப்பா, ஸ்டுடியோக்காரரிடம், "மொகம் எப்டினா இருக்கட்டும்பா, கரை கலரு மாறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மருந்து வாடையோடு வந்த பிரிண்டில் கரை அச்சு அசலாக இருந்தது; அக்கா கத்தரிக்காயாகியிருந்தாள். "இத்த பாத்துட்டு எவன் வருவான்?" என்று அம்மா அழுதாள்.

வந்தார்கள், அவர்களும் தறிக்காரர்கள். "போட்டோவ விட பொண்ணு எவ்ளோ லட்சணமா கீது!" என்று மாப்பிள்ளையின் அம்மா அன்றே பூ வைத்துவிட்டார்.

மென்பொருளை நிம்மதியாக நீக்கிவிட்டு, அக்காவுக்குப் போன் செய்து, அவள் படத்தைப் போலவே என் மனைவியும் கத்தரிக்காயானதையும் மென்பொருளை நீக்கியதையும் சொன்னேன்.

"நல்லதாப் போச்சுடா. உங்க மாமா இன்னிக்கும் அந்தக் கரையத்தான் மெச்சிக்கினு கீறாரு," என்றாள்.