கீழ்வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்தவர்

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் சமையலறை, அப்புறம் கக்கூஸ். அவர் மட்டும் நேராகப் போய், தொட்டித் தண்ணீரை மொட்டைமாடி டேங்க்குக்கு ஏற்றும் மோட்டார் குழாயில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குப் பேரிங் போயிருச்சு. இன்னும் பத்து நாள் ஓடுனாப் பெரிசு" என்றார். எட்டாம் நாளே நின்றுவிட்டது. அதற்குள் அவர் குடும்பத்தோடு குடிவந்திருந்தார். அவரே பிரித்தார், அவரே மாட்டினார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் ஃபிட்டர்தான்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா இதை எழுதுகிறார். முன்னே பின்னேதான் வரும்.

உத்தனப்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. ராகி போடுவோம், ஊடே அவரை. அதில் பாதியை விற்று ஓசூரில் ஒரு மனை வாங்கிக் கீழே இரண்டு வீடு கட்டினேன். பின்வீடு எனக்கும் என் சம்சாரத்துக்கும், முன்வீடு குடிவைக்க. மேலே கட்டக் கையில் ஒன்றும் இல்லை. அப்ரூவல் இல்லாத மனை என்று பேங்க்கில் கடன் தரவில்லை. எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழி உண்டு. வீட்டைப் போக்கியத்துக்கு விடுவது. லீசு என்றும் சொல்வார்கள். குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுவார். மாச வாடகை கிடையாது. காலி பண்ணும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தரவேண்டும். வாங்கினவன் யாரும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கமாட்டான். நானும் வைக்கவில்லை. ஃபிட்டர் கொடுத்த பணம்தான் மாடிக்குக் கம்பியும் சிமெண்டும் ஆனது. மேலே நாலு ரூம் எழும்பியது. அந்த வாடகையில்தான் இன்றைக்கு வரை என் சோறு. போகிறவருக்குக் கொடுக்க, அடுத்து வருகிறவரிடம் வாங்குவோம். ஓசூரில் பாதி மாடிகள் அப்படித்தான் நிற்கின்றன.

வீட்டுக்காரன் நான் என்று பேர். வீட்டை நடத்தினது அவர். மாடி ரூம்களில் கன்னடம் பேசுகிறவர் ஒருத்தர், தெலுங்கு ஒருத்தர், ஒரிசாவிலிருந்து வந்த நாலு பேர் ஒரே ரூமில், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஷிப்ட். தண்ணீர் தீர்ந்தது, ஃபியூஸ் போனது என்றால் அவர்கள் என் கதவைத் தட்டமாட்டார்கள், ஃபிட்டர் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு வருகிற கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, பேங்க் புத்தகம் எல்லாம் அவர்தான் படித்துச் சொல்வார். பெங்களூரில் இருக்கும் என் மகன் தன்னுடைய பழைய டச் போனை எனக்குக் கொடுத்தபின், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அவர் கையில் கொடுத்துவிடுவேன். "என்னென்ன வந்துருக்குது பாருப்பா" என்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளுவார். "இது உங்க மகன் காசு போட்டது. இது கேஸ் சிலிண்டரு. இவன் கல்யாண லோன் வேணுமாங்கான். பொண்ணு பாத்துருவமா அண்ணாச்சி?" என்பார். என் சம்சாரம் உள்ளேயிருந்து, "நல்லா தள்ளிக் குடுப்பா இந்த ஆள" என்பாள்.

அவள் தேன்கனிக்கோட்டைக்காரி. யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகிற காட்டில் பிறந்தவள், ஓசூர் லாரிக்குத்தான் பயப்படுவாள். பஸ் ஸ்டாண்டில் ரோட்டைத் தாண்டும்போது என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவள் போனது ஒரு மார்கழியில். மகன் வந்தான், காரியம் முடித்தான், பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னான். அங்கே போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்துவிட்டேன். ஃபிட்டருடைய சம்சாரம் மகளின் பிரசவத்துக்குக் கோவில்பட்டி போனவர், பேரப்பிள்ளையை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். கடைசியில் கீழே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஷிப்ட் முடித்து வந்து அவர் கருவாடு வறுக்கும் வாசனை இந்தப் பக்கம் வரும், கரண்டியைத் தட்டும் சத்தம் வரும். அந்தப் பக்கம் அவர் இருமினால்தான் இந்தப் பக்கம் எனக்குக் கண் சொருகும்.

ஒரு கார்த்திகை மாசம். கம்பெனியில் அவருக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். என் வாசலில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே சொன்னார். "விளாத்திகுளத்துல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை வருது அண்ணாச்சி. மோட்டார் வைண்டிங் போடலாம்னு இருக்கேன். கடைக்காரரு தைக்குள்ள அட்வான்ஸ் கேக்காரு. நம்ம போக்கியப் பணம் வந்துட்டா வீட்டுக்காரிய கூப்பிட்டுக்கிட்டு அங்கிட்டே இருந்துருவேன்." அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

மீதி மேட்டுக்காட்டை விலை பேசி முடித்திருந்த சமயம் அது. பணம் வருகிற வாரம் தெரியும் எனக்கு. அவருக்குக் கொடுத்தாலும் மிஞ்சும். நான் சொன்னேன்: "நெலம் இன்னும் ரிஜிஸ்டர் ஆவலப்பா. வில்லங்கம் ஏதோ கெடக்குதாம். தை போவட்டும், பாக்கலாம்."

இந்த இடத்தில் டீச்சரம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதும்மா.

அவர் சும்மா இருக்கவில்லை. வேறு ஆள் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பணம் தனக்கு வந்துவிடும் என்று புரோக்கரிடம் சொல்லி, ஒரு குடும்பத்தை வீடு பார்க்க அனுப்பினார். அவர் வெளியே போயிருந்த நேரம் அவர்கள் வந்தார்கள். நான் வீட்டைத் திறந்து காட்டினேன். அந்த அம்மாவுக்குப் பிடித்திருந்தது, அலமாரியில் எதை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார். "தொட்டி ஒழுவுதும்மா. கோடையில தண்ணிக்குத் திண்டாடணும்" என்றேன். புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தார், போய்விட்டார்கள். என் தொட்டி ஒருநாளும் ஒழுகினதில்லை. ஃபிட்டர் கட்டிக் காத்த தொட்டி அது.

காசுக்காகச் செய்தேன் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும், அதாவது ஒரு நியாயம். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ இருமுவதை நினைக்க எனக்கு முடியவில்லை.

தையில் அந்தக் கடையை ஒரு செல்போன்காரர் எடுத்துக்கொண்டார். செய்தி வந்த அன்று ஃபிட்டர், "போகுது அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் ஒரு சின்னப் பட்டறையில் கான்ட்ராக்டு வேலைக்குப் போனார், பாதிச் சம்பளத்துக்கு. நாலு வருஷம். முழங்கால் இரண்டும் போய், மாடிப்படி ஏற முடியாமல் ஆனபிறகு, மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். "நெலம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சுப்பா" என்று சொல்லி அன்றைக்குப் பணத்தைக் கொடுத்தேன். "சந்தோசம் அண்ணாச்சி" என்றார். இப்போது மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். கடை போடுகிற வயசும் போய்விட்டது, காலும் போய்விட்டது.

போன மாசம் போனில் படம் கூட வரவில்லை, இடம் இல்லை என்று சொல்கிறது. டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். பழைய மெசேஜ்களை அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நடுவில், "ஐயா, இது நெலம் வித்த காசுங்களா? பேங்க்ல பெரிய தொகை வரவாயிருக்கு, கார்த்திகை மாசத்துல" என்றார். பணம் வந்த அன்று பேங்க்குக்கு யாரையும் கூட்டிப் போகாமல் தனியாகப் போனவன் நான். பாஸ் புத்தகத்தை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்துவைத்தேன். விஷயம் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பேங்க்காரன் அதைப் போனுக்கும் அனுப்புவான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"அத யாரும் பாத்துருக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

"இல்லீங்கய்யா. படிக்காத மெசேஜ் எல்லாம் எழுத்து தடியா இருக்கும். ஃபிட்டர் போனதுக்கப்புறம் வந்ததெல்லாம் தடியாத்தான் இருக்குது. அதுக்கு முன்னாடி வந்தது ஒண்ணு விடாம படிச்சிருக்குது. இதுவுந்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தோண்டி எடுத்தேன். ஒரு நாள் அவர் போனைத் தள்ளிக்கொண்டே வந்தவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துத் திரும்பப் போட்டார். "வேற எதும் விசேசம் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். "என்ன விசேசம், ஒண்ணுமில்லப்பா" என்றேன். "எல்லாம் விளம்பரந்தான்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய் டேங்க்கை இறைத்துக் கழுவினார். மத்தியானம் வரை தேய்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு நாள் யோசித்துவிட்டு, நேற்று சாயங்காலம் அவர் படத்தைத் தொட்டு போன் போட்டேன். என் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, முன்வீட்டைத் திறந்து அங்கே நின்றுதான் பேசினேன். அவர் போனதிலிருந்து அதை யாருக்கும் விடவில்லை. புரோக்கர்கள் வருகிறார்கள், நான்தான் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஃபிட்டர் மழையைக் கேட்டார், மோட்டாரைக் கேட்டார். நான் அந்தக் கார்த்திகை மாசத்து மெசேஜைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன் அண்ணாச்சி" என்றார்.

"ஏம்பா கேக்கல?"

"நீங்களே சொல்லுவீகன்னு நெனைச்சேன். நாலு வருசமும் நெனைச்சேன்."

மன்னிச்சுக்கப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "கீழ்வீட்டுக்கு ஆளு வந்துட்டாகளா அண்ணாச்சி? தனியாக் கெடக்காதீக."

"வந்துட்டாங்கப்பா. நல்ல குடும்பம்" என்றேன்.

சாமான் ஒன்றும் இல்லாத வீடு. நான் சொன்னது நாலு சுவரிலும் பட்டு எனக்கே திரும்பி வந்தது. போனில் அவருக்கும் கேட்டிருக்கும்.

"சரி அண்ணாச்சி" என்றார்.