ஜெயமலர் எடுக்காத கடிதங்கள்

ஹனோவரில் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஜெயமலர் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். மதியத்துக்குள் எட்டு வீடுகள். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, வீக்கத்துக்கான இறுக்கக் காலுறையை மாட்டிவிடுவது. எட்டு வீட்டுச் சாவியும் அவரிடம் இருக்கும்.

இருபது வயதில் பருத்தித்துறையிலிருந்து வந்தவர். அகதி விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டார். அதனால் மற்றதெல்லாமும் பொய் என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த ஆறு வருடம் பிடித்தது. அன்றிலிருந்து யார் வீட்டிலும் தன் வேலைக்கு வேண்டாத ஓர் இழுப்பறையைக்கூட அவர் தொட்டதில்லை.

ஏழாவது வீடு லிசாவுடையது. எண்பத்தாறு வயது, சக்கர நாற்காலி. அப்பா பவுல் ரீட்லிங்கர் ஹாலிவுட்டில் பதினொரு படம் இயக்கியவர் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். குளிக்கும்போதெல்லாம் அந்தக் கதைதான். லைப்சிக்கில் ஒரு புத்தகம் கட்டுபவரின் மகன். பெர்லினில் படத்தொகுப்பு படித்து, நாஜிகள் வந்ததும் பாரிஸ் வழியாகத் தப்பியவர். அமெரிக்காவில் சின்னச் செலவில் குற்றப் படங்கள் எடுத்தார். ஒரே தெருவை நாலு ஊராகக் காட்டுவாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழு அவரையும் அழைத்தது. நண்பர்களின் பெயரைச் சொல்ல மறுத்ததால் வேலை போயிற்று. ஜெர்மனிக்குத் திரும்பி, சோப்பு விளம்பரங்கள் எடுத்தே செத்தார். லிசா சொல்லும் கதை இதுதான்.

போன வசந்தத்தில் மதுமதி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. லைப்சிக்கில் சினிமா ஆய்வு செய்கிறாள். ரீட்லிங்கரின் வாழ்க்கையை எழுதப்போகிறேன் என்றதும் லிசா ஜெயமலரிடம் அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே ஏழு கடிதங்கள். அப்பாவின் படங்களுக்குக் கதை எழுதிய வெர்னர் என்ற நண்பர் அனுப்பியவை. பழைய ஜெர்மன் கையெழுத்து. அமெரிக்காவில் படித்த லிசாவுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. மதுமதி அதைப் படிக்கக் கற்றிருந்தாள். இரண்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனாள். பெட்டி லிசாவின் மேசையிலேயே இருந்தது.

அன்று ஜெயமலரும் மதுமதியும் தமிழில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினீர்கள் என்று லிசா கேட்டார். மழையைப் பற்றி என்றார் ஜெயமலர். உண்மையும் அதுதான். லிசா நம்பவில்லை. அடுத்த முறையும் அவர்கள் பேசியபோது, இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

மூன்று வாரம் கழித்து, பெட்டி வெறுமையாக இருக்கிறது என்று லிசா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டாராம். ஜெயமலரை அழைத்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஒருவரும் திருடி என்று சொல்லவில்லை. சாவிக்கொத்தை மட்டும் மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். இருபது வயதில் இருந்த அந்த விசாரணை அறை ஞாபகத்துக்கு வர, எட்டுச் சாவிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தார். தான் எடுக்கவில்லை. அப்படியானால் யார்? அந்தக் கடிதங்களால் யாருக்குப் பயன்? மதுமதிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அந்தக் கடிதங்களை நீர் எடுத்தனீரோ? உண்மையைச் சொல்லும். என்ரை வேலை போகுது."



"அக்கா, நான் எதுக்கு எடுக்கணும்? ஃபோட்டோ எடுத்த ரெண்டையும் டைப் பண்ணி அவங்களுக்கே போஸ்ட்ல அனுப்பிட்டேன். படிச்சிட்டுக் கூப்பிடுவாங்கன்னு வெயிட் பண்றேன்."

அந்தத் தடித்த உறையைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்ததே தான்தான் என்பது ஜெயமலருக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று கேட்டார். மதுமதி பிரதியை அனுப்பிவைத்தாள். ஐம்பத்திரண்டில் வெர்னர் எழுதியது. அந்தக் கட்சிக் கூட்டத்துக்கு நான் வந்தது உனக்கு மட்டும்தான் தெரியும் பவுல், என் பெயர் விசாரணைக் குழுவுக்கு எப்படிப் போனது என்று நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை.

ஜெயமலர் அதை இரண்டு தடவை வாசித்தார். மறுநாள் காலை லிசாவின் வீட்டுக்குப் போய், முதல் தடவையாக மணியை அடித்தார்.

புதிதாக வந்திருந்த பெண் கதவைத் திறந்தாள். லிசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்த விதத்தை ஜெயமலர் கவனித்தார். உடம்பு இடப்பக்கம் சரிந்திருந்தது. நாற்காலி மெத்தைக்குக் கீழே ஏதோ இருக்கிறது.

"இப்படி இருந்தால் இடுப்பில் புண் வரும். எழும்புங்கள், சரி செய்கிறேன்" என்று ஜெர்மனில் சொன்னார்.

லிசா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். புதிய பெண்ணை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுபது வருடமாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்."

"அதற்கு நான் திருடியாக வேண்டுமா?"

"நீங்கள் இருவரும் அதைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

லிசா அழத் தொடங்கினார். ஜெயமலருக்கு இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று லிசா சொன்னபோது, அது வேண்டாம், நடந்ததை அலுவலகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றார். காகிதத்தை எடுத்து வைத்து, அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அவரை எழுப்பி, மெத்தையைச் சரிசெய்து, ஏழு கடிதங்களையும் மேசைமேல் வைத்தார்.

வேலை திரும்பக் கிடைத்தது. அந்த வீடு மட்டும் வேண்டாம் என்று ஜெயமலர் கேட்டுக்கொண்டார்.

இலையுதிர்காலத்தில் லிசா கடிதங்களை மதுமதிக்கு அனுப்பிவைத்தார். ஐந்தாவது கடிதம் இன்னும் குழப்பியது. தன் மனைவியே தன் பெயரைச் சொல்லியிருக்கலாம் என்று வெர்னரே அதில் சந்தேகப்பட்டிருந்தார். அந்தக் குழுவின் பதிவு எங்கேயாவது கிடைக்குமா என்று மதுமதி இப்போது தேடுகிறாள். இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஒன்று கேட்டாள்.

"நீங்களும் என்னைத்தானே முதல்ல சந்தேகப்பட்டீங்க, அக்கா?"

"ஓம் பிள்ளை" என்றார் ஜெயமலர். "உம்மைத்தான்."