இன்னாசியின் இடது கண்

இடது கண்ணை மூடி, வலது கண்ணால் என் வீட்டு நிலைவாசலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார் இன்னாசி. வாயில் வேப்பங்குச்சி. நான் காபி டம்ளரோடு வெளியே வந்ததும் குச்சியை எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

“நைனா, வலது பக்கம் ஒரு நூலு வாங்கிகினு கீது. இத்த நிறுத்துன மேஸ்திரி சுயநெனவோடதான் நிறுத்துனானா?”

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த வாசலில் நான் பல வருடமாக நுழைந்து வெளியேறுகிறேன். எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. அவர் சொன்ன நிமிஷத்திலிருந்து அது கோணலாகவே தெரிகிறது. இந்த மனிதருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதில் உள்ள தொல்லை இதுதான்.

எங்கள் பேட்டையான கல்மண்டபத்தில் அவருடைய கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை. விளக்குக் கம்பம், பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை, தேர் இழுக்கும் வடம், கல்யாணப் பந்தலில் போட்ட பெஞ்சு, எல்லாவற்றுக்கும் இடது கண் மூடும், கழுத்து குனியும், வலது கண் கோட்டில் போய் உட்காரும். மனைவி பிலோமியைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதுதான் நடந்தது. பெண் காபித் தட்டோடு வந்து நிற்கிறாள், மாப்பிள்ளை பளிச்சென்று ஒரு கண்ணை மூடுகிறார். பெண்ணின் அண்ணன்மார் பாயைவிட்டு எழுந்துவிட்டார்கள். “பொண்ணப் பாத்து இல்லீங்க! பொண்ணு தலைக்கு மேல திருஇருதய ஆண்டவர் படம் சாஞ்சிகினு கீது” என்று இவர் சுவரைக் காட்டியிராவிட்டால் அன்றைக்கு உதை விழுந்திருக்கும். படத்தை நேராக மாட்டிய பிறகே பேச்சு தொடர்ந்தது.

“அன்னிக்கு என்னப் பாத்துச்சா, படத்தப் பாத்துச்சான்னு எனக்கு இன்னும் டவுட்டுதான்” என்பார் பிலோமி. அவருக்குத் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. நாக்கும் அதே சரக்கு.

இன்னாசிக்கும் எனக்கும் எர்ணாவூரில் எழும்பிக்கொண்டிருக்கிற ஒரு புது ஆலையில் வேலை. நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா, அவர் ஃபிட்டர். அங்கே கடலோரத்திலிருந்து ஆலைவரை மூலப்பொருளைச் சுமந்துகொண்டு ஓடப்போகிறது ஒரு ரப்பர் பெல்ட். அதற்காகத் தகரக் கூரை போட்ட நீளமான நடை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதைக் கேலரி என்போம். பெல்ட்டைத் தாங்கும் உருளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடி, ஓரம் கிழிந்துபோகும்.

அந்தக் கோடு பார்ப்பது இன்னாசியின் வேலை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எஃகுக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கம்பியின் நுனியில் கண்ணை வைத்து, “தெக்க தள்ளு… அரை நூலு… தள்றான் பாரு, இன்னா ஊட்டு சண்டையா? மெதுவாபா!” என்று கேலரி அதிரக் கத்துவார். அவர் கண் சரி என்றால் சரி. அதில் அவருக்குப் பெருமை உண்டு. அதை மறைத்தவரும் இல்லை.

கம்பிக்கு இரண்டு நோய். நீளம் கூடினால் நடுவில் தொங்கும், எண்ணூர்க் கடற்காற்று அடித்தால் அதிரும். கேலரியின் நீளத்துக்குக் கம்பி சரிப்படாது என்று சொல்லி, இன்ஜினீயர் பக்தவச்சலம் பம்பாயிலிருந்து ஒரு பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். முழங்கை நீளம்தான் இருக்கும். உள்ளே வாயு அடைத்த கண்ணாடிக் குழாய். மின்சாரம் கொடுத்தால் பென்சில் பருமனில் ஒரு சிவப்பு வெளிச்சம் புறப்பட்டது. எதிர்ச் சுவரில் பொட்டு வைத்த மாதிரி விழுந்தது.

லேசர் என்று பேர். டார்ச்சு வெளிச்சம் சினிமா விட்ட கூட்டம் மாதிரி, வாசலைத் தாண்டியதும் நாலா பக்கமும் சிதறிவிடும். இது போலீஸ் அணிவகுப்பு மாதிரி, ஒரே நிறம், ஒரே தாளம், ஒரே திசை என்று இன்ஜினீயர் விளக்கினார். இதை வைத்துச் சந்திரனுக்கு உள்ள தூரத்தை அளந்துவிட்டார்களாம். வைரத்தில் துளை போடுகிறார்களாம். கண்ணுக்குள்ளே கழன்றுபோகிற திரையை ஒட்டவைக்கிறார்களாம்.

“கம்பி மாதிரி தொங்காதா சார்?” என்றார் இன்னாசி.

“தொங்காது.”

“காத்துக்கு ஆடாதா?”

“ஆடாது.”

“லீவு கேக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். இன்னாசி சிரிக்கவில்லை. கம்பி போனால் கம்பி பார்க்கிறவனும் போகவேண்டியதுதான் என்று அவர் மனசில் ஓடியிருக்கும்.

இன்ஜினீயருக்கு அப்படி எண்ணமில்லை. “பெட்டி இந்தக் கோடியிலே இருக்கும். அந்தக் கோடியிலே நின்னு புள்ளி எங்க விழுதுன்னு பார்த்துச் சொல்ல ஆள் வேணும். அது நீங்கதான். ஒண்ணே ஒண்ணு, வெளிச்சத்துக்கு நேரா கண்ணை மட்டும் கொண்டுபோகாதீங்க.”

“இன்னா சார் இது? கண்ணுக்கு வைத்தியம் பண்றதுன்னு இப்பதான் சொன்ன. அப்பால பாக்காதன்ற.”

“ஊசி டாக்டர் கையிலே இருந்தாத்தான் வைத்தியம், இன்னாசி. நீங்களா போய்க் கண்ணிலே குத்திக்கிட்டா?”

இன்னாசி தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டினார். ஆனால் தலைக்குப் புரிந்தது கழுத்துக்குப் புரியவில்லை. அன்று மத்தியானம் டீ குடித்துவிட்டு அந்தக் கோடிக்குப் போனவர், உருளையின் மேல் நிறுத்தியிருந்த தகட்டில், வெளிச்சம் புகுந்து வர நடுவே போட்டிருந்த ஒரு துளையைப் பார்த்தார். இத்தனை வருடப் பழக்கம் வேலையைக் காட்டிவிட்டது. இடது கண் மூடியது, கழுத்து குனிந்தது, வலது கண் துளையில் போய் உட்கார்ந்தது.

“ஐயோ!” என்று கத்தியது இன்ஜினீயர். ஓடிப்போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கியதும் அவரே. இன்னாசி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம், எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, சின்ன வெளிச்சமாக இருந்ததாலும் இமை சட்டென்று மூடிக்கொண்டதாலும் பிழைத்தீர் என்றார். சாயங்காலத்துக்குள் பொட்டு கலைந்துவிட்டது. கேலரிக்குள் மட்டும் அவரை விடவில்லை.

“உங்க கண்ணு போயிருந்தா உங்க சம்சாரத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார் இன்ஜினீயர். அவர்மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னாசியை வெளியே முற்றத்தில் உருளைகளுக்குத் துரு தேய்க்கப் போட்டார்கள். கேலரிக்குள்ளிருந்து வேறொருவர் குரல் கேட்கும்போதெல்லாம் தேய்ப்பதை நிறுத்திக் காது கொடுப்பார். “போனாப் போவுது விடுங்க, வேற வேலையா இல்ல?” என்று ஒரு நாள் பஸ்ஸில் சொல்லிவைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“பொட்டி யாருதா வேணா இருக்கட்டும் நைனா. கோடு என்னுது. நான் ஜகா வாங்க மாட்டேன்.”

வீட்டுக்குப் போனதும் பிலோமியிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். எங்கே, எப்போது இடது கண் மூடினாலும் தலையில் ஒன்று போடவேண்டும். கண் மூடினால்தானே கழுத்து குனியும்? வேரிலேயே வெட்டிவிடுவதென்று முடிவு. பிலோமி அந்த வேலையைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். தோசைக்கரண்டி, விசிறிக்காம்பு, ஜெபப்புத்தகம், கைக்கு எது கிடைத்தாலும் அது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வரிசையாய் நின்ற மெழுகுவத்திகளைப் பார்த்து இமை இறங்கியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார். சாமியார் பிரசங்கத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

“ஊர்ல எல்லா புருசனும் கண்ணடிச்சா பொண்டாட்டி சந்தோசப்படுவா. நான் மட்டும் உதைக்க வேண்டிகீது” என்று என் வீட்டம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை.

நானும் என் பங்குக்குச் சோதித்துப் பார்த்தேன். என் வீட்டு நிலைவாசலைக் காட்டி, “இப்ப எப்படி இருக்கு?” என்றேன். இன்னாசியின் இமை துடித்தது. இரண்டு கண்ணையும் ஆந்தை மாதிரி அகல விரித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, “கோணலாதான் கீது, போ” என்றார்.

அதே ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில்தான் அவருக்கு இன்னொன்றும் பட்டது. சாமியார் தூபம் காட்டுகையில் சாம்பிராணிப் புகை மேலே எழும்பியதும், அதுவரை கண்ணில் படாத வெயில், ஜன்னலிலிருந்து பீடம்வரை ஒரு பலகை போலக் குறுக்கே தெரிந்தது. மறுநாள் காலை இன்ஜினீயர் ஜீப்பைவிட்டு இறங்குவதற்குள் முன்னால் போய் நின்றார் இன்னாசி.

“சார், கம்பி கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா ஒதுங்கிப் போவலாம். உன் வெளிச்சம் போய்ச் சேர்ற எடத்துல பொட்டு தெரியுது, வழில ஒண்ணும் தெர்லியே. எங்க கீதுன்னு தெரியாத ஒண்ணுத்துக்கு எப்டி சார் ஒதுங்கறது?”

“நியாயம்தான். தூசியோ புகையோ இருந்தாத்தான் பக்கத்திலேருந்து தெரியும்” என்றார் இன்ஜினீயர். “காலேஜிலே நாங்க சிகரெட்டை ஊதிப் பார்ப்போம்.”

“சாம்பிராணி போடவா?”

இன்ஜினீயர் யோசித்தார். கடைசிப் பகுதி உருளைகள் மட்டும் பாக்கி. அது முடிந்தால் பெட்டி பம்பாய்க்குத் திரும்பிவிடும். “ஒரே ஒரு தடவை, இன்னாசி. கழுத்து குனிஞ்சுதோ, அதோட சரி. அப்புறம் என்கிட்டே கேட்கக் கூடாது.”

மறுநாள், வருகைப் பதிவைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் கேலரிக்குள் நுழைந்துவிட்டேன். பிலோமி கொடுத்தனுப்பிய மண் தூபக்காலில் கனல் போட்டு, சாம்பிராணியைத் தூவினார் இன்னாசி. புகை சுருண்டு எழுந்தது. இன்ஜினீயர் சுவிட்சைப் போட்டார். ஒன்றுமில்லாத காற்றில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சிவப்புக் கோடு நின்றது. தொங்கவில்லை, ஆடவில்லை.

“மெய்யாலுமே கம்பிதான்டா இது” என்று முனகினார் இன்னாசி. கோட்டின் உயரத்தையும் அது போகும் வழியையும் பக்கத்தில் நின்றபடியே நடந்து பார்த்துக்கொண்டார். தூபக்காலை எட்ட வைத்தார். புகை கலையக் கலையக் கோடு மறைந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறதென்று இப்போது அவருக்குத் தெரியும்.

வேலை ஆரம்பித்தது. ஒவ்வொரு உருளையாக, கோட்டுக்கு வெளியே நின்று, குறுக்குக் கோடு போட்ட வெள்ளை அட்டையைக் கை நீட்டி உருளையின்மேல் நிறுத்துவார். சிவப்புப் பொட்டு அட்டையில் எங்கே விழுகிறதென்று பார்த்துக் கத்துவார். “தெக்க தள்ளு… அரை நூலு… மெதுவாபா!” முற்றத்தில் துரு தேய்த்த நாட்களில் அடங்கிக் கிடந்த குரல் கேலரியை மறுபடி அதிரவைத்தது.

கடைசி உருளை. ஆட்கள் தள்ளி நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். பொட்டு குறுக்குக் கோட்டின் நடுவில் வந்து உட்கார்ந்தது. பெட்டி இருந்த கோடியிலிருந்து இன்ஜினீயர் கேட்டார்: “இன்னாசி, எல்லாம் ஒரே கோட்டிலே இருக்கா?”

அந்தக் கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னது கண்தான், வாய் அல்ல. நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். இடது இமை படபடவென்று துடித்தது. பாதி இறங்கிவிட்டது. கழுத்தில் நரம்பு புடைத்தது. இன்ஜினீயர் அங்கிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி அட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையின் இரண்டு விரலால் தன் இடது இமையைப் பிடித்துத் தூக்கி, புருவத்தோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டு, விறைப்பாக நிமிர்ந்து நின்று சத்தம் போட்டார்:

“கீது சார்!”