நீல முழங்கால் பட்டைகள்

புனே சாங்வியில் எங்கள் இரண்டாம் மாடி பால்கனிக் கொடியில் எப்போதும் ஒரு ஜோடி நீல முழங்கால் பட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். வாலிபால் ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, உள்ளே பஞ்சு வைத்தது, அதுதான். என் முதல் சம்பளத்தில் சிஞ்ச்வட் கடையொன்றில் வாங்கினேன். மற்ற பிள்ளைகள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி சட்டை எடுப்பார்கள். எனக்குப் பிறந்ததிலிருந்தே எதையும் நேராகச் செய்ய வராது. அப்பா மிஷனரி. முழங்காலில் நின்று நின்றே தேய்ந்தவர். புனேயின் டிசம்பர் குளிரில் அந்த மொசைக் தரை அவர் முட்டியை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும் என்றாலும், கேலிக்காகத்தான் வாங்கினேன். அவரோ வேட்டியைத் தூக்கி மாட்டிப் பார்த்து, "கச்சிதமா இருக்குல, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அப்படியே ஜெபத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் எதிர் ஃபிளாட்காரர் கொடியைப் பார்த்துவிட்டு, "அரே அங்கிள், இந்த வயசுல வாலிபாலா?" என்றார். அப்பா சிரிக்காமல், "ஆட்டம் இல்லை, வேலை" என்று மராத்தியில் பதில் சொன்னார்.

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊர்ச் சபையாருக்குப் பூனா வெளிநாடுதான். கைக்குழந்தையான என்னோடு அப்பாவும் அம்மாவும் ரயிலேறிய அன்று, இனி அரிசிச் சோறே கிடைக்காதென்று நினைத்து மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்களாம். போன வேகத்தில் ஒரு சபையே எழும்பிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்பாவும் நம்பினார். வந்தவர்கள் உண்டு. காய்ச்சல் என்று வருவார்கள், காய்ச்சல் இறங்கியதும் அவர்களும் மாடியிறங்கிவிடுவார்கள். தங்கியது ஒரே ஒரு வீடு. சிஞ்ச்வட்டில் உதிரிபாகப் பட்டறையில் வேலை பார்த்த காகாவும் அவர் மனைவி காகூவும். காகா என்றால் இங்கே சித்தப்பா, காகூ சித்தி. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார்கள். காகூ கையில் ஒரு டப்பா போஹா, அதாவது அவல் உப்புமா, இருக்கும். நான் வேதத்தைவிட அந்த டப்பாவையே அதிகம் தியானித்தவன். ஊருக்கு எழுதும்போது அப்பா "சபை ஐக்கியமாயிருக்கிறது" என்று எழுதுவார். பொய்யில்லை. இரண்டே பேர், அதுவும் புருஷன் பெண்டாட்டி, ஐக்கியமாகத்தானே இருப்பார்கள்.

தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம். கட்டிலை நோக்கி மூன்று பேரும் முழங்கால்படியிடுவோம். அப்பாவின் ஜெபத்துக்கு இரண்டு பாகம். முதலில் தமிழில் ஊர்க்காரர்களுக்கு, பிறகு மராத்தியில் இந்த ஊருக்கு. எதற்கு இரண்டு தரம் என்று, சீக்கிரம் எழுந்தால் போதும் என்ற ஆசையில், ஒருமுறை கேட்டேன். "ஒருத்தரப் பத்தி அவருக்குப் புரியாத பாசைல ஆண்டவர்கிட்ட பேசுனா, அது பொறணி பேசுததுல்லா" என்றார். அவர் மராத்தி இலக்கண சுத்தமானது, ஆனால் ராகம் முழுக்கத் தாமிரபரணி. 'ஹே பிரபு' என்பது 'ஏ பிரபூ' என்று வரும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவர் வெளியே போனதும் நான் கட்டிலோரம் முழங்கால்படியிட்டு, அதே இழுப்பில், அதே பெருமூச்சோடு முழு ஜெபத்தையும் நடித்துக் காட்டுவேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு நாள் கண்ணைத் திறந்தால் வாசலில் அப்பா. முதுகைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. "நடுவுல 'இந்தப் பட்டணத்தின் வீடுகளை நினைத்தருளும்'னு ஒண்ணு வரும்ல, அத விட்டுட்ட" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார்.

அம்மா போனது ஒரு மழைக்காலத்தில், சிறுநீரகம் கெட்டு. அவளுக்காக அப்பா இரண்டு பாஷையிலும் இரவும் பகலும் ஜெபித்தார். ஊரெல்லாம் உபவாசம் இருந்தது. நடந்தது நடந்தது. அதற்குப் பிறகு நான் ஜெபத்துக்கு உட்காருவதை விட்டேன். அப்பா தனியாக, பட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு பாகத்தையும் தொடர்ந்தார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது, தமிழ் திரும்பியது, மராத்தி திரும்பவில்லை. பிறகு கற்ற பாஷை இப்படிப் போய்விடுவது உண்டு என்றார் டாக்டர். ஆயுசெல்லாம் இந்த ஊருக்காகச் சேர்த்தது அந்த ஒன்றுதான். அதைச் சிலேட்டைத் துடைத்த மாதிரி துடைத்துவிட்டுப் போயிருந்தது. பால்காரர் கேட்டாலும் விழிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, காகா காகூவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அவளுக்கு வயிற்றில் புற்று, முற்றிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். போஹா டப்பா இல்லை. சால்வைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தாள். "பாஸ்டர் ஒரு தரம் ஜெபிச்சா போதும், இவ பிழைச்சுக்குவா" என்றார் காகா. மராத்தி போனதை நான் அவரிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். "நீ இருக்கியே, நீ சொல்லு" என்று என் தோளைத் தட்டினார்.

அப்பா கொடியைக் கை காட்டினார். பட்டைகளை எடுத்து வந்து மாட்டிவிட்டேன். காகாவும் நானும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து அவரைக் கட்டிலோரம் இறக்கினோம். நானும் பக்கத்தில் முழங்கால்படியிட்டேன், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில். அப்பா ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, எங்கள என்னத்துக்கு இங்க கொண்டாந்தீரு? நான் கூப்பிட்டு இந்த ஒரு மனுசன்தான் வந்தான். அவன் பொண்டாட்டியவும் எடுக்கப் போறீரு. எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிய விட்டீரா? கெஞ்சிக் கெஞ்சித் தொண்டையே போச்சு. இப்பம் நீரு கேக்கீரா, இல்ல நான் சும்மா செவத்தோட பேசுதேனான்னே தெரியல்ல."

அதோடு நின்றுவிட்டார். ஆமென் இல்லை. காகா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாபா காய் ம்ஹண்தாத்?" அப்பா என்ன சொல்கிறார்? காகூவும் என்னைத்தான் பார்த்தாள்.

நான் நம்பிக்கை இழந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த அறையில் அப்பா சொன்னதை வரிக்கு வரி ஒத்துக்கொள்ளக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். ஆனால் கண்ணை மூடியதும் வாயில் வந்தது வேறு. "ஏ பிரபூ..." அதே இழுப்பு, அதே பெருமூச்சு, வியாதியஸ்தரைத் தொடும் என்கிற இடத்தில் தொண்டை கொஞ்சம் கமறுகிற அதே கமறல். அம்மாவைச் சிரிக்க வைக்கப் பழகியதெல்லாம் ஒன்று விடாமல் வந்தது. நடுவில் இந்தப் பட்டணத்தின் வீடுகளை நினைத்தருளும் என்பதையும் மறக்கவில்லை. முடித்தபோது காகா தேம்பிக்கொண்டு ஆமென் சொன்னார். "பாபாவேதான், பாபாவேதான்" என்று காகூ என் கன்னத்தைத் தடவினாள். விரல்கள் ஐஸ்.

அப்பா மட்டும் என்னையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "என்ன பாசைல அது? கேக்க நல்லாருக்கு."

கக்கத்தில் கைகொடுத்து அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

கணபதி ஊர்வலச் சத்தம் ஓயும் முன்பே காகூ போய்விட்டாள். அடுத்த வெயிலில் அப்பா. கடைசி வாரங்களில் அவர் முழங்கால்படியிடவில்லை, பட்டையைக் கேட்கவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் அடக்கத்துக்குக் காகா வந்தார். மண் போட்டார். போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை போன் பண்றேன்" என்றார். ஏதோ துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பண்ணினார். இன்னும் பண்ணுகிறார். காலையில் மகர்பட்டா ஆபீஸ் களைப்பெல்லாம் தீரத் தூங்கலாம் என்று படுத்திருந்தால் போன் அடிக்கும். வேறு பேச்சில்லை. "பாளா, பாபா மாதிரி செய்." பாளா என்றால் மகனே. ஆரம்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே செய்து பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை. அவரும் கண்டுபிடித்து, "இன்னைக்கு என்ன, சளியா?" என்றார். அந்தப் பெருமூச்சு முழங்காலில் நின்றால்தான் வரும் போல. என் முட்டியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வளர்ந்த முட்டி, மொசைக் தாங்காது. ஆகவே பட்டையை மாட்டிக்கொள்கிறேன். அப்பா காலுக்கு விரிந்து கொடுத்த எலாஸ்டிக், என் குச்சிக் காலில் பாதி ஜெபத்தில் கணுக்கால்வரை இறங்கிவிடும். ஒரு கையில் போன், மறு கையில் பட்டை. முடிந்ததும் காகா ஆமென் சொல்லி வைத்துவிடுவார். நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்ப்பேன், அப்பா அன்று ஆண்டவரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் ஏதாவது வருகிறதா என்று. கீழ்வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கும். எழுந்துவிடுவேன்.

போன வாரம் பட்டைகளை அலசிக் கொடியில் போடும்போது, எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பையன் எட்டிப் பார்த்தான்.

"பாய், வாலிபாலா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை மட்டும்."

"டீம் எப்படி?"

"ரெண்டே பேர். இதுவரைக்கும் ஒரு பாயிண்ட்கூட எடுத்ததில்ல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் பட்டைகளை இன்னொரு தரம் பிழிந்து, காற்றில் பறந்துவிடாமல் கிளிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிட வேண்டும்.