ரஷ்யா டாக்டர் இல்லை, உக்ரைன் டாக்டர்

கருப்பட்டித் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, பால் விடாத தேநீரை அதன்மேல் மெல்ல உறிஞ்சுகிறாள் ஜெபசுதா. டம்ளரில் ஒரு வட்டம் எலுமிச்சை மிதக்கிறது. புறநோயாளிகள் வரிசை ஓய்ந்ததும் தினமும் இதே காட்சிதான். மருத்துவமனை கேன்டீன்காரர் முதலில் அவளைக் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிப் பக்கத்துப் பெண் என்றுதான் நினைத்தார்.

"இல்ல அண்ணாச்சி, நாசரேத்து. இந்தப் பழக்கம் உக்ரைன்ல வந்துச்சு. அங்கன சீனிக் கட்டிய வாயில அடக்கிக்கிட்டுக் குடிப்பாங்க. ஊருக்கு வந்தப் பொறவு கருப்பட்டிக்கு மாறிட்டேன்."

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் டூட்டி டாக்டர். பாதம் வெடித்த உப்பளத்துப் பெண்கள், முதுகு பிடித்துக்கொண்ட லாரி டிரைவர்கள், தூண்டில் முள் ஏறிய கையோடு வரும் படகுக்காரர்கள், இவர்களோடு கப்பல்காரர்களும் அவளுடைய நோயாளிகள். ரஷ்ய மொழி பேசுகிற மாலுமி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கப்பல் ஏஜென்டுகள் இவளைத்தான் தேடுவார்கள்.

"ரஷ்யா டாக்டர் இருக்காங்களா?"

"ரஷ்யா டாக்டர் இல்ல, உக்ரைன் டாக்டர் பேசுதேன். என்ன கேஸு?"

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் அங்கன இத்தன சண்டையும்."

ஒவ்வொரு முறையும் திருத்துவாள். சலித்துக்கொள்ள மாட்டாள். பேச்சுக்கு முன்னால் ‘நூ’ என்று இழுப்பது அங்கே தொற்றிய இன்னொரு பழக்கம். நம் ‘சரி, அப்புறம்’ போல அவர்களுக்கு அது. "நூ... கையக் காட்டுங்க" என்று அவள் சொன்னதும், கத்தி கீறி வந்திருந்த ஒரு பெரியவர் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நூலா? தையல் போடணுமா டாக்டரம்மா?" அன்று முழுக்க நர்ஸ் பிளாரன்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கார்கிவ் நகரத்தில் மருத்துவம் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. விடுதியின் நிலவறையில் மூட்டை முடிச்சோடு பிள்ளைகள் எல்லாரும் ஒடுங்கிக் கிடந்தார்கள். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு விடுதியைக் காக்கிற பெண்மணி ஒருத்தி அங்கே தேநீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மாணவிகள் அவளைக் ‘கலீனா’ என்பார்கள். அது ரஷ்ய உச்சரிப்பு. "ஹலினா" என்று அவள் ஒவ்வொரு முறையும் திருத்துவாள். நகரத்தில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேச, பொல்தாவா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஹலினா மட்டும் உக்ரைனிய மொழியை விடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளின் நெற்றியில் கை வைத்து ‘தெ போலித்?’ என்று கேட்பாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். ரஷ்யனில் இதையே ‘க்தியே பலீத்?’ என்பார்கள். முன்னால் ஒரு ‘க்’ இருக்கிறதா இல்லையா என்பதுதான் காதுக்குத் தட்டுப்படும் வித்தியாசம்.

நின்றுகொண்டே ரயில் பயணம், பனியில் எல்லை, விமானம் என்று ஒருவழியாக ஜெபசுதா நாசரேத் வந்து சேர்ந்தாள். பள்ளி ஆசிரியரான அப்பா ஞானையா, இனி வீட்டைவிட்டு எங்கேயும் அனுப்புவதில்லை என்றார். அவள் கேட்கவில்லை. ஜார்ஜியா போய் மீதிப் படிப்பை முடித்தாள். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான இந்தியத் தேர்வில் முதல் தடவை தவறி, மறு தடவை தேறினாள். இப்போது சொந்த ஸ்கூட்டர், மதிக்கிற வேலை, ஞாயிறு ஆராதனை, ஹலினாவிடமிருந்து அவ்வப்போது பூனைப் படங்கள். வேறென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், "நல்ல கறுப்பு ரொட்டி கெடச்சாப் போதும்" என்பாள்.

அந்த ரொட்டி ஒருநாள் நிலக்கரிக் கப்பலில் வந்தது. அதற்கு முன்னால் மிகோலா வந்தான்.

ஒரு மத்தியானம் ஏஜென்டின் காரிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூனிக் குறுகி இறங்கினான். கப்பலில் மூன்றாம் இன்ஜினியர், உக்ரைன் ஆள். அவனைத் தோளில் தாங்கி வந்தவன் கென்னாடி, அதே கப்பலின் போசன், அதாவது டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. ரஷ்யன். கதவில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து நுழைகிற உயரம்.

"ரெண்டு நாளா வலிய மறைச்சிட்டான் டாக்டர். காலைல இருந்து காய்ச்சல்" என்று கென்னாடி ரஷ்யனில் ஆரம்பித்ததுமே மிகோலா கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஜெபசுதா ரஷ்யனில் கேட்டதற்கும் பதில் இல்லை. "நோ ரஷ்யன்" என்றான் ஆங்கிலத்தில். அவனுடைய ஆங்கிலம் இன்ஜின் அறையைத் தாண்டாதது. வயிற்றைத் தொட்டு, "பிரஷர் ஹை. லீக், மேபி" என்றான்.

ஸ்கேனும் அதைத்தான் சொன்னது. குடல்வால் பழுத்து உடைகிற நிலை. அறுவைச் சிகிச்சை நிபுணர் தேவபிரசாதம் படத்தைப் பார்த்துவிட்டு, "உடனே தேட்டருக்குக் கொண்டு வாங்க. சம்மதம் வாங்குங்க" என்று போய்விட்டார். மிகோலாவோ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "நோ கட். டேப்லெட். ஷிப்." பேனாவைத் தொடவே மறுத்தான்.

"கோல்யா, அடம்பிடிக்காத" என்றான் கென்னாடி.

மிகோலா கண்ணைத் திறந்தான். "மிகோலா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரே பெயர்தான். ரஷ்யனில் நிகோலாய், செல்லமாகக் கோல்யா, உக்ரைனியனில் மிகோலா. பல வருடங்கள் ஒன்றாகக் கப்பல் ஓட்டிய காலத்தில் கோல்யா என்ற அழைப்புக்கு அவனும் திரும்பிப் பார்த்தவன்தான்.

ஜெபசுதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"தெ போலித்?"

அவன் அவளையே பார்த்தான். தூத்துக்குடியில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கறுத்த பெண் வாயிலிருந்து அது வருமென்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். கண் கலங்கியது. வலியில்கூட இருக்கலாம். வலப்பக்கம் கையைக் கொண்டுபோய்க் காட்டினான்.

அவளிடம் இருந்த உக்ரைனியன் அதோடு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. "எனக்கு உங்க பாஷை கொஞ்சம்தான். மிச்சத்த ரஷ்யன்ல பேசட்டுமா?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாள். அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்:

"உங்ககிட்ட மட்டும். அவன் வெளிய போகட்டும்."

கென்னாடி போய் வராந்தாவில் நின்றான். மிகோலா ரஷ்யனில் கொட்டத் தொடங்கினான். மிகோலாயிவ் ஊர்க்காரன்; தாய் தாலாட்டியதே அந்த மொழியில்தான். ஊரில் குண்டு விழுந்த நாளிலிருந்து அதை விட்டுவிட்டான். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதுகூட உக்ரைனியனில் வார்த்தை தேடித் தடுமாறுகிறான். ஆஸ்பத்திரியில் படுத்தால் கப்பல் போய்விடும். கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பிவிடும். போருக்கு ஆள் எடுக்கிற வயது அவனுக்கு; அந்த வயதுக்காரர்கள் உள்ளே போய்விட்டால் மறுபடி நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. மனைவியும் மகளும் போலந்தில் இருக்கிறார்கள்.

ஜெபசுதா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "கப்பல் போயிரும்னு பயப்படுதிய. இப்ப ஆப்பரேசன் பண்ணலன்னா ஆளே போயிருவிய. கப்பலுக்காவ நான் கேப்டன்கிட்ட பேசுதேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டான்.

கேப்டனிடம் அவள் பேசினாள். சரக்கு இறங்கிய பிறகு அடுத்த உத்தரவுக்காகக் கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கப் போவதாகவும், ஆள் நடமாடினால் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். மிகோலா மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் செய்தி அதுதான்.

அதற்குப் பின் கென்னாடி தினமும் சாயங்காலம் வந்தான். கப்பல் சமையல்காரர் சுட்ட கறுப்பு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வருவான். நோயாளிக்கு இன்னும் கஞ்சிதான் என்பதால் ரொட்டி ஜெபசுதாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பிளாரன்ஸ் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. மனதில் பட்டதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"வலி எப்பத்துலேந்துன்னு எல்லார்ட்டயும் கேக்கோமே டாக்டர். இந்தச் சண்ட எப்பத்துலேந்துன்னு இவங்ககிட்ட கேளுங்க."

கேட்டாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் ஜெபசுதாவிடமே ரஷ்யனில் சொல்ல, அவள் பிளாரன்ஸுக்குத் தமிழில் சொன்னாள். அவள் மொழிபெயர்ப்பில் இரண்டு பேரும் நாசரேத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தி கீவ்ல ஒரு ராசா சனங்கள ஆத்துல எறக்கி ஞானஸ்நானம் குடுத்தான்" என்றான் கென்னாடி. "எங்க சபையும் அங்கனதான் பொறந்துச்சு, இவங்க சபையும் அங்கனதான். ஒரே தொட்டில்."

"தொட்டில் கீவ்லதான கெடந்துச்சு? அப்ப மாஸ்கோவுல வெறுங்காடு. எங்க தொட்டிலக் காட்டி எங்களயே தம்பிங்கான்" என்றான் மிகோலா. "போலந்துக்காரன எதுக்க எங்க கொசாக்குப் படை ஜார் மன்னன துணைக்குக் கூப்பிட்டுச்சு. துணைக்கு வந்தவன் வீட்டுக்காரனாயிட்டான். பொறவு எங்க பாஷையில புஸ்தகம் அச்சடிக்கக் கூடாதுன்னுட்டான்."

மறுநாள் அவன் சோவியத் காலத்துப் பஞ்சத்தில் ஆரம்பித்தான். விதை தூவினால் போதும், விளையும் கறுப்பு மண். விளைந்த கோதுமையை மாஸ்கோ ஆட்கள் அள்ளிக்கொண்டு போக, விதைத்தவர்கள் பட்டினியில் செத்தார்கள். "கோவில்பட்டிக் கரிசல் மாதிரியா?" என்று பிளாரன்ஸ் மெதுவாகக் கேட்டாள். கென்னாடி தரையைப் பார்த்தபடி, "வோல்காக் கரையிலயும் பஞ்சந்தான். எங்க தாத்தா வீட்டுலயும் செத்தாங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கிரிமியாவ அவங்களுக்குக் குடுத்தது சோவியத்து ஒரே வீடா இருந்தப்ப. வீடு ரெண்டான பொறவு அது யாருக்கு?" என்றான்.

"வீடு பிரிஞ்சப்ப நீங்களுந்தான கையெழுத்துப் போட்டிய? எங்ககிட்ட கெடந்த அணுகுண்ட ஒப்படைச்சோம். எல்லையில கை வைக்க மாட்டோம்னு எழுதித் தந்தியளே?"

"அமெரிக்காக்காரன் கூட்டணி ஒவ்வொரு நாடா வளைச்சு எங்க வாசல் வரைக்கும் வாரான். நாங்க கையக் கெட்டிட்டு நிக்கணுமா?"

"ஒன் வாசலுக்கு எவன் வந்தான்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்குள்ள வந்தது நீ."

முதல் தடவையாக மிகோலா அவனைப் பார்த்தே சொன்னான். பிளாரன்ஸ் சலைன் குழாயைச் சரிசெய்துவிட்டு, "ஒரே வேதம், பாஷையும் கிட்டத்தட்ட ஒண்ணு. பொறவு என்னத்துக்கு டாக்டர்?" என்றாள்.

"ஒண்ணுபோல இருக்கதுதான்க்கா வேரு. ‘நீயும் நானும் ஒண்ணு’ன்னு இவன் பிரியமாச் சொல்லுத மாதிரி சொல்லுதான். ‘நான் நானா இருந்துக்கிடுதேன்’ங்கான் அவன். அதத் துரோகம்ங்கான் இவன்."

"எல்லாம் பெரிய ஆளுங்க செய்த வேல. எங்களமாதிரி சனங்களுக்குள்ள என்ன பகை?" என்றான் கென்னாடி, பிளாரன்ஸின் கேள்வியை ஜெபசுதா ரஷ்யனில் சொன்னதும்.

ஜெபசுதாவின் முகம் மாறியது. "நான் கார்கிவ்ல இருந்தேன். எங்க ஆஸ்டல் ஜன்னல ஒடச்சது எந்தப் பக்கத்துக் குண்டுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"கார்கிவ்ல சால்த்திவ்கா ஏரியா தெரியுமா?" என்று கேட்டான் கென்னாடி. "எங்க சித்தி அங்கதான் இருந்தா. பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் நான் அங்கதான். இப்ப போன் எடுக்கதில்ல."

சால்த்திவ்கா அவளுக்குத் தெரியும். நடுவில் ஓட்டை விழுந்த, கரி பிடித்த அடுக்குமாடி வீடுகளைத் தெரியும். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள், எதையும் குறைக்கவில்லை. கென்னாடி கேட்டு முடித்துவிட்டு எழுந்து போனான். மறுநாளும் ரொட்டியோடு வந்தான்.

கப்பலுக்குத் திரும்புகிற நாள் காலையில் ஜெபசுதாவுக்கு நல்ல உற்சாகம். புண் சுத்தமாக ஆறிவருகிறது, காய்ச்சல் இல்லை. "குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது" என்று இரண்டு மொழியையும் கலந்து மிகோலாவுக்குப் பாடம் சொன்னாள். கீழே ஏஜென்டின் கார் வந்து நின்றது. மிகோலா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் காலை நுழைத்தான். நாடாவைக் கட்டக் குனியப் பார்த்தான், முடியவில்லை. யாரையும் கூப்பிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கென்னாடி கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, தரையில் முழங்கால் ஊன்றி, நாடாவைக் கையில் எடுத்தான். மிகோலா ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையும் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஐயோ, நீங்க ஏன்? நான் கெட்டுதேன்" என்று பிளாரன்ஸ் முன்னால் ஓடினாள். ஜெபசுதா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். இரண்டு முடிச்சும் விழுகிற வரைக்கும் விடவில்லை.